லைசென்ஸ் இல்லாமல் குடோன் நடத்தினால் என்ன தண்டனை? வாடகைக்கு விடும் முன் கேட்கிறேன்

பெருந்துறைக்காரன் — திங்கள், இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம்ங்க. பெருந்துறை பக்கம் தோட்டத்தில் 6,000 சதுர அடியில் ஒரு தகர ஷெட் இருக்கிறது. அப்பா காலத்தில் மஞ்சள் வைக்கக் கட்டியது. இப்போது ஒரு பாதியில் எங்கள் மஞ்சளும், பக்கத்துத் தோட்டத்து நாலைந்து பேர் மஞ்சளும் கிடக்கின்றன. விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறார்கள். மூட்டைக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை. ஒரு துண்டுச் சீட்டில் மூட்டைக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். அதற்கு மேல் எந்தக் காகிதமும் கிடையாது.

மீதிப் பாதி சும்மா கிடக்கிறது. போன வாரம் ஒருவர் வந்து பார்த்தார். உரம், பூச்சிமருந்து, “அப்புறம் கொஞ்சம் மற்ற சரக்கு” வைக்க வேண்டுமாம். இங்கே போகிற வாடகையைப்போல ஒன்றரை மடங்கு தருகிறேன் என்கிறார். ஒப்பந்தமெல்லாம் வேண்டாம், வாய்ப்பேச்சு போதும் என்கிறார்.

லைசென்ஸ் இல்லாமல் குடோன் நடத்தினால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று மச்சான் பயமுறுத்துகிறான். உண்மையா? எந்த லைசென்ஸ், யாரிடம் வாங்க வேண்டும்?

---

ஊர்சுற்றி — திங்கள், இரவு 10.05

எங்கள் ஊரில் நூறு குடோன் இருக்கிறது. ஒருவரிடமும் லைசென்ஸ் கிடையாது. விடுங்கள் பாஸ்.

---

வக்கீல்வீட்டுப்பூனை — திங்கள், இரவு 10.31

ஊர்சுற்றி சொல்வதை நம்பி இறங்கிவிடாதீர்கள். மச்சான் சொல்வதும் முழுசாகச் சரியில்லை.

‘குடோன் லைசென்ஸ்’ என்று ஒரே ஒரு காகிதத்தை வாங்கி மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது, நீங்கள் யாருக்கு என்ன சீட்டுக் கொடுக்கிறீர்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் எந்தச் சட்டம், என்ன தண்டனை என்பது தெரியும்.

முதலில் உங்கள் துண்டுச் சீட்டு. 2007ஆம் ஆண்டின் கிடங்கு மேம்பாடு, ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அது நடைமுறைக்கு வந்தது 2010 அக்டோபரில். டெல்லியில் இதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது, டபிள்யூ.டி.ஆர்.ஏ. என்பார்கள். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் கிடங்குத் தொழில் நடத்தக் கூடாது என்கிறது பிரிவு 3. இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். கீழேயே ஒரு விலக்கு இருக்கிறது: கைமாற்றத்தக்க கிடங்கு ரசீது கொடுக்கப் போவதில்லை என்றால் இந்தப் பதிவு தேவையில்லை.

அதாவது, உங்கள் சீட்டை வைத்திருப்பவர் அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க, அந்த இன்னொருவர் வந்து சரக்கைக் கேட்கலாம் என்றால் அது கைமாற்றத்தக்க ரசீது. பதிவு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. சரக்கே வராமல் வந்ததாக அந்த ரசீதைக் கொடுத்தால் சிறை வரை போகும். உங்கள் சீட்டு வெறும் கணக்குச் சீட்டாகவே இருக்கும் வரை இந்தச் சட்டம் உங்களைத் தொடாது.

---

பெருந்துறைக்காரன் — திங்கள், இரவு 10.48

அப்பாடா. ஆனால் ஒரு சந்தேகம்ங்க. போன வருடம் ஒருவர் அந்தச் சீட்டைக் காட்டி ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். வியாபாரி எனக்கு போன் செய்து, “மூட்டை இருக்குதுங்களா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அது தப்பா?

---

வக்கீல்வீட்டுப்பூனை — திங்கள், இரவு 11.10

அது தப்பில்லை. ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள். சீட்டிலேயே “இது கைமாற்றத்தக்கதல்ல, பெயர் குறிப்பிட்டவருக்கு மட்டுமே” என்று அச்சடித்துவிடுங்கள்.

2013இல் நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னணு விளைபொருள் சந்தை விவகாரம் நினைவிருக்கிறதா? சரக்கு கிடங்கில் இருக்கிறது என்ற காகிதத்தை நம்பிப் பணம் போட்டார்கள். ஜூலை 31 அன்று வியாபாரம் நின்றது. ஷட்டரைத் திறந்தால் பல இடங்களில் சரக்கைக் காணோம். சுமார் 5,600 கோடி ரூபாய் மாட்டிக்கொண்டது. கிடங்குச் சீட்டு என்பது பணத்துக்குச் சமமான காகிதம். 2017 முதல் டபிள்யூ.டி.ஆர்.ஏ. இந்த ரசீதையே மின்னணு முறைக்கு மாற்ற ஆரம்பித்ததற்கும் காரணம் இதுதான். ஒரே சரக்குக்கு இரண்டு சீட்டு எழுத முடியாது.

இன்னொன்று. பிறர் சரக்கை நீங்களே எடுத்து விற்றாலோ மாற்றி வைத்தாலோ அது நம்பிக்கை மோசடி. சாதாரண ஆள் செய்தால் ஒரு தண்டனை, கிடங்குக்காரர் செய்தால் அதைவிடக் கூடுதல்: ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 407, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(3). இதற்கு லைசென்ஸ் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

---

மல்லிகைக்கடை — செவ்வாய், காலை 7.20

நான் மதுரையில் மளிகை மொத்த வியாபாரம். எங்களுக்கு உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ்தான் முதல் தலைவலி. உணவுப் பொருள் என்றால் விற்பவர் மட்டுமில்லை, சேமித்து வைப்பவரும் எடுக்க வேண்டும். அந்தச் சட்டம் பிரிவு 63இல் தயாரிப்பது, விற்பது, வினியோகிப்பது இவற்றோடு “சேமிப்பது” என்றே எழுதியிருக்கிறது. ஆறு மாதம் ஜெயில், 5 லட்சம் அபராதம்.

மஞ்சளும் உணவுப் பொருள்தானே அண்ணா?

---

கணக்குப்பிள்ளை — செவ்வாய், காலை 9.15

மல்லிகைக்கடை சொன்னது பழைய கணக்கு. 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் அந்த ஆறு மாதத்தை எடுத்துவிட்டது. பதிலுக்குப் பணத் தண்டம் 10 லட்சம் வரை. ஜெயில் போனதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். முன்பு கோர்ட்டில் வழக்கு இழுத்துக்கொண்டே போகும். இப்போது தொகை இரண்டு மடங்கு.

பெருந்துறை அண்ணாவுக்கு: உங்கள் தோட்டத்து மஞ்சளை நீங்கள் வைத்துக்கொள்வதில் பிரச்சினையே இல்லை. விவசாயிக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. வாடகை வாங்கிக்கொண்டு வியாபாரி சரக்கை வைக்கும்போதுதான் அது சேமிப்புத் தொழில் ஆகிறது.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று. ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 35(2). குடோன் உரிமையாளர், அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், சரக்கு யாருடையது, யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் ஈ.என்.ஆர்.-01 என்ற படிவத்தில் விவரம் கொடுத்துத் தனி எண் வாங்க வேண்டும். விதி 58ஐப் படித்துப் பாருங்கள்: சரக்கைப் பொருள்வாரியாக, உரிமையாளர்வாரியாகப் பிரித்துத் தெரியும்படி அடுக்க வேண்டும் என்று அடுக்கும் முறையையே சொல்கிறது.

ஷெட்டில் நாலு பேர் மஞ்சளும் ஒரே அட்டியாகக் கிடக்கிறதா? அதிகாரி வந்தால் முதல் கேள்வியே “இதில் எது யாருடையது?” என்பதுதான். கணக்கு வைக்காததற்குப் பொதுத் தண்டம் 25,000 வரை, மாநிலத்துக்கு இன்னொரு 25,000. இது சின்ன விஷயம். வரி ஏய்ப்புச் சரக்கு என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வைத்திருந்தால் அது வேறு கதை.

---

பெருந்துறைக்காரன் — செவ்வாய், காலை 9.40

ஒரே அட்டிதான்ங்க. மூட்டையில் பெயிண்டில் முதலெழுத்துப் போட்டிருப்போம். பாதி அழிந்துவிட்டது.

---

மூட்டைதூக்கி — செவ்வாய், மதியம் 1.50

“கொஞ்சம் மற்ற சரக்கு” என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் கதையைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம்.

பெரியப்பாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு பழைய தறி ஷெட். தறி நின்ற பிறகு சும்மா கிடந்தது. மாட்டுத்தீவனம் வைக்கிறேன் என்று ஒருவர் வந்தார். நல்ல வாடகை, முன்பணம் கையில் ரொக்கம், ஒப்பந்தம் வேண்டாம். சாவியைக் கொடுத்துவிட்டுப் பெரியப்பா அந்தப் பக்கமே போகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வருகிறது என்று பக்கத்துக்காரர் இரண்டு தடவை சொன்னார். தீவன வண்டி எப்போது வந்தால் நமக்கென்ன என்றார் பெரியப்பா.

ஒரு நாள் விடியற்காலையில் குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுப் போலீஸ் வந்துவிட்டது. உள்ளே ஒரு பக்கம் நிஜமாகவே தவிடு. பின்னால் பூராவும் ரேஷன் அரிசி. சாக்கை எல்லாம் மாற்றிவிட்டார்கள், வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு. ஆனால் தரையில் சிந்திய அரிசியைக் கூடவா பெருக்காமல் விடுவார்கள்? ஒரு அதிகாரி குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினார். உள்ளங்கையில் பரப்பி, கொஞ்சம் மஞ்சள் பூத்த நாலைந்து மணியைத் தனியாகத் தள்ளினார். “செறிவூட்டின அரிசி. ரேஷன்ல போடுறது” என்றார். அவ்வளவுதான்.

பெரியப்பா பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏறியது. கடைசியில் அவரை விட்டுவிட்டார்கள், அது நிஜம். ஆனால் ஷெட் எட்டு மாதம் சீல். அந்த எட்டு மாதத்தில் அவர் ஏறி இறங்கிய படி, வக்கீலுக்குக் கொடுத்தது, ஊரில் கேட்ட பேச்சு. இதெல்லாம் எந்தப் பிரிவில் வருகிறது?

---

வக்கீல்வீட்டுப்பூனை — செவ்வாய், மதியம் 2.30

உங்கள் பெரியப்பா தப்பியது அவருக்குத் தெரியாது என்பதை நம்பியதால்தான். அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955, பிரிவு 7. குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, அபராதம். பிரிவு 6ஏ-வில் சரக்கைக் கலெக்டரே பறிமுதல் செய்யலாம். கோர்ட் தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொடர்ந்து செய்கிறவர் என்றால் 1980ஆம் ஆண்டுக் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை தடுப்புக் காவல்.

“எனக்குத் தெரியாது” என்பது சட்டத்தில் பெரிய சொல். போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 25ஐப் பாருங்கள். இடத்தின் உரிமையாளர் தெரிந்தே அனுமதித்தால் குற்றம் செய்தவனுக்கு என்ன தண்டனையோ அதேதான் அவருக்கும். எல்லாம் அந்த ‘தெரிந்தே’வில் தொங்குகிறது. இப்போது யோசியுங்கள். ஒன்றரை மடங்கு வாடகை, எழுத்து வேண்டாம், என்ன சரக்கு என்று சொல்லவில்லை. ஒரு நாள் கூண்டில் நின்று, சந்தேகமே வரவில்லை என்று நீங்கள் சொன்னால் நீதிபதி நம்புவாரா? இந்த இழையிலேயே சந்தேகப்பட்டு எழுதி வைத்திருக்கிறீர்களே!

---

ஊர்சுற்றி — செவ்வாய், மாலை 4.00

ஐயோ சாமி. ஆனால் நிஜத்தில் கவனிக்க வேண்டியவர்களைக் கவனித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

---

சிவகாசிச்சித்தப்பா — செவ்வாய், மாலை 6.15

தம்பி ஊர்சுற்றி, எங்கள் ஊர்ப்பக்கம் வந்து இப்படிப் பேசாதே.

வெடிபொருள் சட்டம் 1884. லைசென்ஸ் இல்லாமல் வெடி வைத்திருந்தால் பிரிவு 9பி-யில் இரண்டு ஆண்டு வரை சிறை, இல்லை 3,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். மூவாயிரம்! ஒரு கிஃப்ட் பாக்ஸ் விலை. இதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் துணிகிறார்கள். ஆனால் போலீஸ் அதோடு நிறுத்துவதில்லை. 1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம் பிரிவு 5 சேரும், அதில் பத்து ஆண்டு வரை உண்டு. உயிர் போனால் மரணம் விளைவித்த பிரிவு தனி.

லைசென்ஸ் இருந்தாலும் அளவு மீறினால் அது லைசென்ஸ் இல்லாததற்குச் சமம்தான். 2023 அக்டோபர் 7, அத்திப்பள்ளி. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகா. பட்டாசு லாரி வந்து சரக்கு இறக்குகிற நேரம் தீ. அன்றே 14 பேர், அதில் பெரும்பாலானோர் நம் பையன்கள். தீபாவளி சீசன் வேலைக்குப் போனவர்கள். தருமபுரிப் பக்கம் ஒரே ஊரில் பல வீட்டில் சாவு. அனுமதித்த அளவைவிட அதிகம் அடுக்கியிருந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அங்கே யாரைக் கவனித்திருந்தார்களோ தெரியாது.

அரசாங்கக் காவலில் இருந்தாலும் கிடங்கு கிடங்குதான். 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் (உரமாகவும் வெடிமருந்தாகவும் பயன்படுவது) சுமார் 700 டன் மணலி பக்கம் சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்து வருடம் கிடந்தது. 2020 ஆகஸ்டில் லெபனானில் இதே பொருளால் பெய்ரூத் துறைமுகம் வெடித்த பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்து அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றினார்கள். உரம் என்று சொல்லி வருகிறவரிடம் என்ன உரம் என்று கேளுங்கள்.

---

பச்சைத்துண்டு — செவ்வாய், இரவு 8.20

நான் உரக்கடை வைத்திருக்கிறேன், அதனால் இந்த ஒரு விஷயம் மட்டும்.

பூச்சிமருந்து விற்கவோ, விற்க இருப்பு வைக்கவோ உரிமம் வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968. அந்த உரிமத்தில் சரக்கு வைக்கும் இடத்தின் முகவரி இருக்கும். வேறு இடத்தில் வைத்தால் உரிமம் இல்லாத மாதிரிதான். முதல் தடவை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் தடவை மூன்று ஆண்டு, 75,000 வரை. உரத்துக்கு 1985ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணை. அதை மீறினால் மேலே சொன்ன அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் அதே பிரிவு 7.

தண்டனையைவிட எனக்கு அதிர்ச்சி தந்தது வேறு. ஒரே ஷெட்டில் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பூச்சிமருந்தா? பூச்சிமருந்துப் பெட்டிகளை மற்றப் பொருட்கள் வைக்கும் அறையிலிருந்து தனி அறையில், இல்லாவிட்டால் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கடையில் ஒரு டப்பா மூடி கசிந்தால் அந்த வாடை நாலு நாளைக்குப் போகாது. உங்கள் மஞ்சள் மூட்டை சணல் சாக்கு. உறிஞ்சிக்கொள்ளும். ஏற்றுமதிக்குப் போய் மருந்து மிச்சம் இருக்கிறது என்று திரும்பினால் யார் மேல் பழி?

மஞ்சளில் வண்டு விழுந்தால் நீங்களே மாத்திரை போடுகிறீர்களா? அந்த மாத்திரை, அலுமினியம் பாஸ்பைடு, இஷ்டத்துக்கு வாங்கிப் போடும் சாமான் இல்லை. அனுமதி பெற்ற ஆள்தான் போட வேண்டும்.

---

பெருந்துறைக்காரன் — செவ்வாய், இரவு 9.05

அதைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லைங்க :)

---

டிராக்டர்மணி — புதன், காலை 6.30

இடையில் ஒரு கேள்வி. ஷெட்டில் டீசல் பேரல் இரண்டு வைத்திருக்கிறேன், டிராக்டருக்கு. அதுவும் குற்றமா?

---

வக்கீல்வீட்டுப்பூனை — புதன், காலை 8.00

இல்லை. பெட்ரோலியம் சட்டத்தில் டீசல் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம். ஒரே தொட்டியில் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் பேரல் இரண்டும் சேர்ந்து 400தான். பெட்ரோல் என்றால் 30 லிட்டர்தான், அதுவும் விற்பதற்கு இல்லை. மஞ்சளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அது சட்டமில்லை, புத்தி.

மனிதர்கள் சாப்பிடும் மருந்து மாத்திரை வைக்க இடம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் மறுத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் விற்பனைக்கு இருப்பு வைத்தால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, ஐந்து வரை போகும். அபராதம் 1 லட்சத்தில் ஆரம்பம், அல்லது பிடிபட்ட மருந்து மதிப்பைப்போல மூன்று மடங்கு, எது அதிகமோ அது.

---

கணக்குப்பிள்ளை — புதன், காலை 11.45

எல்லோரும் ஜெயிலையே பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் கிராமத்து ஷெட்டுக்கு முதலில் வருவது போலீஸ் இல்லை, மின்வாரியத்து ஆள்.

பெருந்துறை அண்ணா, ஷெட்டுக்குக் கரண்ட் எந்த இணைப்பில் வருகிறது? தோட்டத்து இலவச மோட்டார் இணைப்பிலிருந்து ஒரு ஒயர் இழுத்து பல்பு போட்டிருந்தால், மின்சாரச் சட்டம் 2003 பிரிவு 126. எந்த வகைக்கு இணைப்போ அதை விட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்துவது. பயன்படுத்திய வேலைக்கு உரிய வகைக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு. எத்தனை நாளாக என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுவார்கள்.

அடுத்து கட்டட அனுமதி. விவசாய நிலத்தில் விளைச்சல் வைக்க ஷெட் என்பது ஒன்று, வாடகைக் குடோன் என்பது வேறு. நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57இல் பூட்டி சீல் வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே இன்சூரன்ஸ். தீப்பிடித்தால் கம்பெனி முதலில் கேட்பது, பாலிசியில் எழுதிய சரக்குதான் உள்ளே இருந்ததா என்று. மஞ்சள் என்று எழுதிவிட்டு உள்ளே பூச்சிமருந்து இருந்தால் பணம் வராது. நாலு பேர் மஞ்சளுக்கும் நீங்கள் கைப்பணம் கொடுக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இவ்வளவு பெரிய அபராதம் கிடையாது.

---

மல்லிகைக்கடை — புதன், மதியம் 12.10

எங்கள் குடோனில் ஷட்டருக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி வாடகைக்காரரிடம், ஒன்று எங்களிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒத்துக்கொள்ளாதவருக்கு விடுவதில்லை. மூன்று பேர் அதைக் கேட்டதும் திரும்பி வரவே இல்லை.

---

பெருந்துறைக்காரன் — வியாழன், இரவு 8.55

எல்லோருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் அந்த ஒயரைக் கழற்றிவிட்டேன். (ஆமாம், மோட்டார் இணைப்புதான்.) இன்று காலையில் மூன்று லோடுமேன்களை வைத்து அட்டியைப் பிரித்து ஆளுக்கு ஒரு வரிசையாக அடுக்கினோம். எண்ணிப் பார்த்தால் ஒருவர் கணக்கில் இரண்டு மூட்டை கூடுதல், இன்னொருவர் கணக்கில் இரண்டு குறைவு. எத்தனை வருடமாக இப்படி இருந்ததோ. இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன்; சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டார்கள். வேறு ஆட்களாக இருந்தால் அந்த 316 எனக்குத்தான்.

அப்புறம் அந்த ஆளுக்கு போன் போட்டேன். “உங்கள் பூச்சிமருந்து லைசென்ஸ் நகலில் என் ஷெட் முகவரியைச் சேர்த்து வாங்கிட்டு வாங்க, ஒப்பந்தம் எழுதிக்கலாம், ஷட்டருக்கு இரண்டு பூட்டுங்க” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அண்ணா, அதெல்லாம் எதுக்குங்க, நாம என்ன தெரியாதவங்களா?” என்றார். போன வாரம்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை அண்ணா, அந்த ஈ.என்.ஆர்.-01 படிவம் எங்கே கிடைக்கும்ங்க?

---

கணக்குப்பிள்ளை — வியாழன், இரவு 9.20

ஜி.எஸ்.டி. தளத்திலேயே இருக்கிறது. பான் அட்டையும் இடத்துக்கான ஆவணமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டினால் தனிச்செய்தி போடுங்கள்.

---

மூட்டைதூக்கி — வியாழன், இரவு 9.31

அண்ணா, அந்த ஆள் வந்தது வெள்ளை பொலேரோவா, முன் கண்ணாடியில் பெரிய முருகர் ஸ்டிக்கர் ஒட்டினது? போன மாதம் எங்கள் ஊரிலும் ஒருவர் ஷெட் தேடிக்கொண்டிருந்தார்.

---

பெருந்துறைக்காரன் — வியாழன், இரவு 9.33

ஆமாங்க.